ரோபோ இல்லாத ரோபோ வகுப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறில் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ரோபோ பாடத்தில் இருந்தது, லேபில் இல்லை. கேமராவும் கிடையாது. பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன, அவற்றில் பிரவுசர் இருந்தது. இன்டர்நெட்தான் பாதி நாள் வராது.

இன்டர்நெட் இல்லாமலே பிரவுசரில் புரோகிராம் ஓட்டலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் எழுதினேன். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். எங்கள் லேபையே மேலிருந்து பார்ப்பதுபோன்ற படம் அது. தரை வெள்ளை, மேசைகள் கறுப்பு. கேமராவும் படத்தை இப்படிப் புள்ளிகளாகத்தான் தரும் என்று சொல்லி, எது தரை, எது மேசை என்று கண்டுபிடித்து, வாசலிலிருந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்ப வழி சொல்லும் புரோகிராமை மாணவிகளை எழுதச் சொன்னேன்.

எழுதிவிட்டார்கள். வழியும் வந்தது.

"நடக்கத்தான் யாரும் இல்லையே, மேடம்" என்றாள் மயிலாப்பூரிலிருந்து வரும் பெண்.

கோட்டூர்புரத்துப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு, "நான் நடக்கறேன், ஸ்கிரீன்ல வர்ற வழிய நீ படி" என்றாள்.

"படிச்சிண்டே வரேன், மெதுவா நட" என்றாள் மயிலாப்பூர்ப் பெண்.

ஜன்னல்வரை ஒழுங்காகப் போனாள். திரும்பி வரும்போது 'இடது' என்றதும் இடது பக்கம் திரும்பி, மேசையில் இடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுத் துறைத் தலைவர் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, கண்ணாமூச்சியா?"

அவள் முழங்காலைத் தேய்த்தபடி கண்கட்டை அவிழ்த்தாள். "இல்ல சார். போறப்போ ஸ்கிரீன்ல கீற இடதும் என் இடதும் ஒண்ணு. திரும்பினதும் மாறிப்போச்சு. நான் எந்தப் பக்கம் பாத்துகினு கீறேன்னு புரோகிராமுக்குத் தெரியல."

அடுத்த வாரம் நடத்தலாம் என்று நான் வைத்திருந்த பாடம் அதுதான். அவள் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதையும் புரோகிராமில் சேர்த்தார்கள். நடுவில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகி, மறுபடி போட வேண்டியிருந்தது. துறைத் தலைவர் கிளம்பாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை அவள் மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு ஜன்னல்வரை போய், எதிலும் இடிக்காமல் திரும்பி வந்து வாசல் கதவைத் தொட்டாள்.

"வந்துட்டனா?"

எல்லோரும் கை தட்டினோம்.

"ஒரு கேமரா கேட்டுப் பாக்கறேன்" என்றார் துறைத் தலைவர்.

கேமரா வரவில்லை, இரண்டு மோட்டார்கள் வந்தன. அந்த இரண்டு பெண்களும் அவற்றை ஒரு டிபன் டப்பா மூடியில் பொருத்திச் சக்கரம் மாட்டினார்கள். முதல் நாள் அது நேராகவே போகவில்லை, நின்ற இடத்திலேயே சுற்றியது. ஆனாலும் மணி அடித்த பிறகு ஒருத்தியும் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை.