ஷாஹிதா அக்காவைத் தேடி வந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். வடமதுரை பேருந்து நிறுத்தத்தில் திண்டுக்கல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் எழுத்துக் குழுவைச் சேர்ந்த சின்னாளபட்டி ரேவதி போன் செய்தாள். "சுமதி, ஷாஹிதா அக்கா தவறிட்டாங்களாம்" என்றாள். எந்த ஷாஹிதா என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஷாஹிதா ஒருவர்தான். இருந்தும் கேட்டேன். நான்கு நாள் காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாளே முடிந்துவிட்டதாம். நாற்பத்து மூன்று வயதெல்லாம் சாகிற வயதா? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் நினைவாக ஒரு சிறு மலர் அச்சிடலாம் என்று முடிவு செய்து, நெருக்கமாக இருந்தவள் என்பதால் முதல் கட்டுரையை என்னை எழுதச் சொன்னீர்கள். இரங்கல் கூட்டத்தில் நம்மில் ஒருவர் அக்காவை 'வெற்றிகரமான ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்' என்று பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார். ஆனால் அது பொய் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஷாஹிதா அக்காவுக்குக் கடைசி வரை ஒரு கிளையன்ட்கூடக் கிடைக்கவில்லை. அவர் எப்படியெல்லாம் தேடினார், ஏன் கிடைக்கவில்லை என்பதை உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன். பாராட்டுரைகளை மற்றவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

நாம் எல்லோரும் சந்தித்தது அந்த இரண்டு நாள் எழுத்துப் பயிற்சி வகுப்பில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடி. வீட்டிலிருந்தே எழுதலாம், வேலை உங்களைத் தேடி வரும் என்று சொன்னார்கள். அக்கா பன்னிரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவர். பிள்ளைகள் குறைந்துபோய் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். அவருடைய கணவரின் அண்ணனுக்குத் தோல் பொருள் கடை இருக்கிறது. பெல்ட், பர்ஸ், பை எல்லாம் விற்கிற கடை. அங்கே பில் போட வந்து உட்காரச் சொல்லி வீட்டில் வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு வருடம் தவணை வாங்கியிருந்தார். அந்த ஒரு வருடத்துக்குள் எழுத்தில் கால் ஊன்றிக்காட்ட வேண்டும். முடியாவிட்டால் கடைக்குப் போய்விட வேண்டும். முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையிலேயே இதை என்னிடம் சொல்லிவிட்டு, தன் டிபன் டப்பாவில் இருந்த வெஞ்சனத்தை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி இணையதளங்களில் பெயர் பதிந்தோம். அங்கே எல்லாம் இங்கிலீஷ். தமிழ் வேண்டும் என்று தப்பித் தவறிக் கேட்டவர்கள், மாதிரிக்கு என்று இரண்டு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு காணாமல் போனார்கள். மூன்று மாதம் இப்படியே கழிந்தது. "முகம் தெரியாதவங்ககிட்ட என்னத்துக்குக் கெஞ்சணும்? நம்ம ஊர்ல இம்புட்டுக் கடை இருக்கே" என்று சொல்லி அக்கா விசிட்டிங் கார்டு அடித்தார். பெயருக்குக் கீழே 'ரைட்டர்' என்று ஒரே ஒரு சொல். எழுத்தாளர் என்று போடச் சொன்னேன். "அது பெரிய வார்த்தை. புத்தகம் போட்டவங்க போட்டுக்கட்டும்" என்றார்.

நம் ஊரில் ரைட்டர் என்றால் யார் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. நாகல் நகரில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் கார்டைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, "எந்த ஸ்டேஷன்ல இருக்கீங்க மேடம்?" என்று கேட்டார். போலீஸ் இல்லை, விளம்பரம் எழுதித் தருகிறோம் என்று சொன்னதும் ஃபேன் பழையபடி அவர் பக்கம் போய்விட்டது. வெளியே வந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி எங்கே போகணும் என்று கேட்டார். நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அந்தக் கார்டை நம்பி ஒருவர் குஜிலியம்பாறையிலிருந்து பஸ் ஏறி, நாகல் நகரில் இருந்த அக்காவின் வீட்டுக்கே வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். பத்திரம் எழுதுகிற ரைட்டர் என்று நினைத்துவிட்டார். பத்திரமெல்லாம் எழுதத் தெரியாது என்று அக்கா சொன்னதும் முகம் தொங்கிப்போனது. அம்புட்டுத் தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், பட்டாவில் பெயர் மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொடுத்தார். அவர் அதை நிதானமாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா இம்புட்டு நல்லா எழுதினா நான் எழுதலன்னு ஆபீசர் கண்டுபிடிச்சிருவாரு. கொஞ்சம் தப்புத் தப்பா எழுதிக் குடு" என்றார். அக்கா பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். ஒரு ஒற்றைக்கூட அவரால் விட்டுவிட முடியவில்லை. கடைசியில் தாளை என் பக்கம் தள்ளினார். அந்த மனுவை நான்தான் தப்பாக எழுதிக் கொடுத்தேன். எனக்கு அது சுலபமாகவே வந்தது.

கடை கடையாக ஏறி இறங்கும்போது அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேண்டாம் என்று சொல்கிறவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். "தண்ணி குடுத்தவங்க கடைக்கு மறுபடியும் போறதுக்கு ஒரு உரிமை இருக்குல்ல?" என்பார். இன்னொன்றும் சொல்வார். "மொதத் தடவை நாம தேடிப் போறோம், அது ஒண்ணுமில்ல. ரெண்டாந் தடவை அவுங்க நம்மளத் தேடி வரணும். அப்படி ஒரே ஒருத்தர் வந்துட்டாப் போதும் சுமதி, நான் ஜெயிச்ச மாதிரி." அந்த ஒருத்தரைத்தான் அவர் வருடம் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜவுளிக்கடை ஒன்றில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலாளி சின்ன வயதுக்காரர். நாங்கள் பேசி முடிப்பதற்குள் செல்போனை எடுத்து ஏஐ ஆப்பில் எதையோ தட்டினார். ஆடித் தள்ளுபடிக்கு முழு விளம்பரமும் திரையில் வந்து நின்றது. "பாத்தீங்களா? இனிமே எதுக்குங்க ஆளு?" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அக்கா போனைக் கேட்டு வாங்கிப் படித்தார். "நாலு எடத்துல ஒற்று விட்டுருக்கு தம்பி. இந்த வரி அர்த்தமே மாறிப்போச்சு" என்று அங்கேயே நின்று திருத்திக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்தத் திருத்திய விளம்பரம் அவர் கடை வாசலில் ஃபிளெக்ஸாகத் தொங்கியது. அக்கா பஸ்ஸிலிருந்து அதை எனக்குக் காட்டினார். பெருமையாகவா வருத்தமாகவா என்று தெரியாத ஒரு குரலில், "ஒரு தப்புக்கூட இல்ல பாரு" என்றார்.

இனி எழுதப்போவதை நம் குழுவில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

அக்காவின் தவணை முடிய ஒரு மாதம் இருந்தது. வடமதுரையில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் ஒரு மசாலா கம்பெனிக்காரர். சின்னக் கம்பெனி, திருச்சி ரோட்டில் இருக்கிறது. யாரோ சொல்லி என்னைத் தெரிந்து வைத்திருந்தார். "ஏம்மா, நீயும் அந்த எழுதுற கோஷ்டிதான? உங்கள்ல பாய் வீட்டம்மா ஒருத்தவுங்க வந்து கொழம்புத் தூளுக்கு மாதிரி எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. 'இந்தத் தூளைப் போட்டால் மட்டும் குழம்பு ருசித்துவிடாது, புளியை நீங்கள்தான் பார்த்துக் கரைக்க வேண்டும்'னு எழுதியிருந்துச்சு. என்னடா நம்ம சரக்கையே கொறை சொல்லுதேன்னு தூக்கிப் போட்டுட்டேன். எங்க வீட்டுல எடுத்துப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்குது. இவுங்களையே எழுதச் சொல்லுங்கன்னு ஒரே பிடிவாதம். நாகல் நகர்ல போயித் தேடினேன், வீடு தெரியல. கார்டையும் தொலைச்சுப்புட்டேன். நம்பர் இருக்கா?"

அக்காவின் நம்பர் எனக்கு மனப்பாடம். எனக்கும் அதுவரை ஒரு வேலையும் கிடைக்கவில்லை. வீட்டில் என் எழுத்து ஒரு கேலிப்பொருளாகியிருந்தது. நாக்கு தவறிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை. பாயசம் வருகிற வரை யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன். "அவங்க எழுதறத விட்டுட்டாங்க சார். நான் எழுதித் தாரேன்" என்றேன். அவர் சரி என்றார். அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அக்கா தோல் பொருள் கடைக்குப் போய் உட்கார்ந்தார். நம் குழுவில் "கல்லாவில் அமர்ந்துவிட்டேன், வாழ்த்துங்கள்" என்று எழுதினார். நாமும் வாழ்த்தினோம். அவரைப் பார்க்கப் போகாமல் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டுப் போனேன். எனக்கு வேலை கிடைத்த செய்தி அவருக்கு எட்டியிருந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்டார். மறைக்க முடியவில்லை, பெயரைச் சொன்னேன்.

அக்கா பில் புத்தகத்தை மூடி வைத்தார். "அங்கயா? அங்க நானும் மாதிரி எழுதிக் குடுத்தேனே" என்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "அப்ப எனக்கு எழுத வரலன்னுதான் அர்த்தம், இல்ல? இத்தனை நாளா இந்த ஊரு சரியில்ல, போன் வந்து கெடுத்துருச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரே கடைக்கு ரெண்டு பேரும் எழுதிருக்கோம். உன்னய எடுத்துருக்காங்க, என்னய எடுக்கல. இதுக்கு மேல என்ன தெரியணும்?" என்றார். பிறகு சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்காச்சும் கெடச்சுதே. விட்டுறாத."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன், வரவில்லை. அதன்பிறகு அக்கா எதையும் எழுதவில்லை. நம் குழுவில்கூட ஒற்றுப்பிழைகளைத் திருத்துவதை நிறுத்திவிட்டார். கடையில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். எனக்குத் தெரியும். தனக்கு எழுத வராது என்று நம்பிவிட்ட ஒருவர் அடுத்தவர் எழுத்தைத் திருத்த மாட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் அவருடைய போனை என்னிடம் காட்டினார். "மௌத்தான சேதிய அவ போன்ல இருந்த எல்லா நம்பருக்கும் அனுப்பிவிட்டேன். பாரும்மா, எம்புட்டுப் பேர் பதில் போட்டிருக்காங்க. இம்புட்டுப் பேரா அவளுக்குப் பழக்கம்? வீட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார். வரிசையாக இரங்கல். ஹார்டுவேர் கடை, ஜவுளிக்கடை, பேக்கரி, ஸ்கேன் சென்டர். ஒவ்வொன்றின் மேலேயும் அக்கா வாரம் தவறாமல் அனுப்பி வந்த 'ஏதேனும் எழுத்து வேலை இருந்தால் தெரிவிக்கவும்' என்ற செய்திகள் பதில் இல்லாமல் நீளமாகக் கிடந்தன. உயிரோடு இருக்கும்போது ஒரு எழுத்துக்கூடப் பதில் போடாதவர்கள் எல்லாம் செத்த அன்றைக்குப் போட்டிருந்தார்கள். அக்காவின் கணவர் மேலே தள்ளிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அவற்றில் ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார். மசாலா கம்பெனிக்காரர் எழுதியிருந்தார். அந்த நம்பருக்கு மட்டும் அக்கா வேலை கேட்டு எதுவும் அனுப்பியிருக்கவில்லை. 'அம்மா நல்லா எழுதுவாங்க. நாங்க கேட்டப்ப எழுதுறத விட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. கொடுத்து வைக்கல. வருந்துகிறோம்.'

"எழுதறத எப்ப விட்டா? கடைக்கு வந்து உக்காந்த அன்னிக்கு வரைக்கும் எழுதிக்கிட்டுத்தான இருந்தா. எவன் சொன்னான்னு தெரியலயே?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்து உண்மையாகவே கேட்டார்.

"தெரியலண்ணே" என்றேன்.

இதை மலரில் போடுவதும் போடாததும் உங்கள் முடிவு. போட்டால் அக்காவின் கணவருக்கும் ஒரு பிரதி போகும். போக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் இதனால் என்ன ஆகப்போகிறது? படிக்க வேண்டியவர் படிக்க மாட்டார். அக்காவின் எழுத்து நன்றாக இருந்தது என்று இனி எத்தனை பேர் சொன்னாலும் அது அவர் காதில் விழாது.

இப்படிப்பட்ட கட்டுரைகளை, மறைந்தவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது என்ன என்று சொல்லி முடிப்பது வழக்கம். நானும் சொல்கிறேன். ஷாஹிதா அக்கா ஒரு வருடம் இந்த ஊரில் கடை கடையாக ஏறி இறங்கியதில், ஒரே ஒருவர் அந்த எழுத்துக்காக அவரைத் தேடி வந்தார். அந்த ஒருவருக்கு இன்றைக்கும் நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.