அண்ணியின் புறங்கை

அண்ணி எதையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்க மாட்டாள். அடுப்பில் இருக்கும் பானை, காய்ச்சலில் கிடக்கும் என் நெற்றி, வெயிலில் நின்ற வண்டியின் மூடி, எல்லாவற்றுக்கும் புறங்கைதான். விரல்களை மடக்கி ஒரு நொடி வைத்து எடுப்பாள்.

பட்டறையில் வந்த பழக்கம் அது. ஸ்டார்ட் ஆகாத வண்டியின் சாவியை நாலைந்து முறை திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொடுவாள். எந்த முனை சுடுகிறதோ அங்கே இணைப்பு தளர்ந்திருக்கும். "உள்ளங்கை சுட்ட பிறகுதான் சொல்லும் பாப்பா. புறங்கை முன்னாடியே சொல்லிடும்" என்பாள். அண்ணன் அறைந்த பிறகும் அப்படித்தான். தன் கன்னத்தைத் தானே புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். அந்தப் புறங்கையைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டறை அண்ணனுடையது. முன்னால் இரண்டு வண்டி நிற்கும் இடம், பின்னால் நாங்கள் இருக்கும் இரண்டு அறைகள், நடுவில் ஒரு தகரக் கதவு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் பட்டறையைக் கூட்டுவேன், பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். வாய் திறக்காததால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் ஊமை. அண்ணி வந்த புதிதில் டீ வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பிறகு டார்ச் பிடித்தாள். மூன்றாம் வருடம், அண்ணன் இல்லாத நேரத்தில் வந்த வண்டிகளை அவளே கிளப்பி அனுப்பினாள்.

முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பாள். வண்டிக்காரர் சாவியைத் திருப்புவார். சுவரில் விழும் வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி. வெளிச்சம் அப்படியே நின்று, வண்டி மட்டும் கிளம்பாவிட்டால் ஸ்டார்ட்டர். எனக்கும் சொல்லிக் கொடுத்தாள்: "டக்டக்டக்னு அடிச்சா பேட்டரிக்குப் பசி. ஒரே ஒரு டக்குன்னா ஸ்டார்ட்டருக்குக் கோபம். சத்தமே இல்லைன்னா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு அர்த்தம், நம்ம வீடு மாதிரி."

அண்ணன் கையில் அகப்பட்டதைக் கொண்டு அண்ணியை அடிப்பான். ரப்பர் குழாய், ஒயர், ஒருமுறை ஃபேன் பெல்ட். ஒன்றும் அகப்படாவிட்டால் வலது கை. ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தூக்கித் தூக்கி இறுகிய கை அது. ஒருமுறை அவளைக் கழுத்தைப் பிடித்துத் தகரக் கதவில் மோதினான். அந்தப் பள்ளம் இன்னும் கதவில் இருக்கிறது. அவன் வேலையில் கெட்டிக்காரன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒயரை ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றி, அதன் மேல் மெழுகு தடவிய சிவப்பு நூலால் இரட்டை முடிச்சுப் போடுவான். அப்படிக் கட்டுகிறவர் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. "வண்டி மண்ணா மக்கிப் போகும், என் கட்டு நிக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவான்.

செங்கல் சூளைக்காரர் தன் காருக்குப் பாட்டுப் பெட்டியும் பெரிய ஸ்பீக்கரும் அண்ணனிடம்தான் வைத்தார். இரண்டு வாரத்தில் காலையில் வண்டி கிளம்பவில்லை என்று வந்தார். அண்ணன் பேட்டரியைத் தட்டிப் பார்த்து, செத்துவிட்டது என்று புதியது மாட்டினான். பத்து நாளில் அதே கதை. அண்ணன் சார்ஜ் போட்டுக் கொடுத்தான். மறுபடியும் வந்தபோது நானும் அண்ணியும் பட்டறையில் இருந்தோம்.

"என்னப்பா, புதுப் பேட்டரி மாப்பிள்ளை மாதிரி விடிஞ்சும் எழுந்திரிக்க மாட்டேங்குது?" என்றார்.

"நீங்க வண்டியை ஓட்டாம நிறுத்தி வைக்கிறீங்க. அதான்" என்றான் அண்ணன்.

அண்ணி மெல்லச் சொன்னாள். "என்னங்க, ஒரு தடவை லாம்ப் வெச்சுப் பார்த்துடலாமே. சாவியை எடுத்த பிறகும் எதுவோ கரண்டு குடிக்குது போல."

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அறைந்தான். அண்ணியின் உதடு கிழிந்து பேட்டரி மூடியில் ரத்தம் சொட்டியது.

"பொம்பளை சொல்லி நான் தொழில் கத்துக்கணுமாடி?"

சூளைக்காரர் சிரித்தார். "விடுப்பா, வீட்டம்மா கிட்டயும் சார்ஜ் ஜாஸ்தி போல." சார்ஜ் போட்ட பேட்டரியோடு போய்விட்டார். அண்ணி தரையில் இருந்த துணியால் மூடியைத் துடைத்தாள். பிறகுதான் உதட்டை.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் சூளைக்காரரின் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. பின் சீட்டில் படுக்க வைத்துச் சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். டக்டக்டக் என்று அடித்ததோடு சரி. சூளையிலிருந்து லாரி வந்து சேர முக்கால் மணி நேரம். அந்த அம்மா அந்தப் பின் சீட்டிலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், பட்டப்பகலில், லாரியில் கயிறு கட்டிக் காரை இழுத்து வந்தார்கள். சூளைக்காரரும் அவர் தம்பியும். தம்பி கீழே கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து அண்ணனின் முழங்காலில் போட்டான். அண்ணன் விழுந்தான். தம்பி அவன் முகத்தில் மிதித்தான். பல் ஒன்று தெறித்து நான் கூட்டி வைத்திருந்த குப்பையில் விழுந்தது. சூளைக்காரர் அவனைத் தூக்கி வேலை மேசைக்கு இழுத்துப் போனார். வலது கையை விரித்து, மேசையில் பொருத்தியிருந்த வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். கை அசைய முடியாதபடி பிடித்ததும் நிறுத்தினார்.

"ஐயா, வண்டி பழசுங்க. என் பேட்டரி மேல தப்பே இல்லைங்க" என்று அண்ணன் அழுதான். வாயில் ரத்தம் நுரைத்தது.

"அதைத்தான் பார்க்கப் போறோம்" என்றார் சூளைக்காரர். "வண்டி தப்புன்னா என் தலையெழுத்துன்னு போயிடுறேன். உன் தப்புன்னா இந்தக் கை உனக்கு இல்லை." அண்ணியைப் பார்த்தார். "அன்னிக்கு ஏதோ லாம்ப்னு சொல்லி அறை வாங்கினியேம்மா. இப்போ பாரு. நீ என்ன சொல்றியோ அதுதான்."

தம்பி என் தலைமுடியைப் பிடித்துக் கார் பக்கம் தள்ளினான். "நீயும் போ. விளக்கு புடி."

அண்ணி பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து, ஒவ்வொரு அறையிலும் சார்ஜ் காட்டும் மிதவைக் குழாயால் திராவகத்தை உறிஞ்சிப் பார்த்தாள். கெட்ட பேட்டரியில் ஒரு அறையில் மட்டும் மிதவை தாழ்ந்திருக்கும். இதில் ஆறிலும் ஒன்றுபோல் சார்ஜ் காலி.

"பேட்டரி நல்லதுதான். பட்டினி போட்டிருக்கு" என்றாள்.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களாய்யா?" என்று அண்ணன் கத்தினான். தம்பி கம்பியால் அவன் விலாவில் குத்தினான்.

சார்ஜ் ஏறிய வேறு பேட்டரியை வைத்து, கழற்றிய கறுப்பு ஒயருக்கும் முனைக்கும் நடுவே சோதனை விளக்கை மாட்டினாள் அண்ணி. சாவி வெளியே இருந்தது. கதவெல்லாம் மூடியிருந்தது. விளக்கு எரிந்தது. எதுவோ குடித்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆறாவது ஃபியூஸில் விளக்கு அணைந்தது. திரும்பச் செருகினாள், எரிந்தது.

மல்லாந்து படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். நான் மண்டியிட்டு டார்ச் அடித்தேன். சாவியை எடுத்தாலும் கரண்டு நிற்காத ஒயர் ஒன்று அங்கே உண்டு. ஸ்பீக்கர் பெட்டியை எழுப்பும் ஒயர் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. சாவியோடு நிற்கிற ஒயர் நாலு விரல் தள்ளித்தான் இருந்தது. பாட்டு நின்றாலும் பெட்டி நிற்காது, ராத்திரி முழுக்க விழித்திருக்கும். சேர்த்த இடத்தில் டேப். டேப்பின் மேல் சிவப்பு நூல், இரட்டை முடிச்சு.

வெளியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "ஏய்! டிக்கி லைட்டுதானேடி? டிக்கி சரியா மூடலை, லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அதானே? சொல்லேன்டி!"

அந்தப் பொய் நிற்கக்கூடியதுதான். அந்தக் காரின் டிக்கி உண்மையிலேயே சரியாக மூடாது. அண்ணியின் இடுப்பில் கட்டர் இருந்தது. ஒரு நறுக்கு, முடிச்சு அவள் மடிக்குள் போயிருக்கும். அவள் என்னைப் பார்த்தாள். நான் டார்ச்சை அசைக்கவில்லை. அந்த முடிச்சைப் புறங்கையால் ஒரு நொடி தொட்டாள். பிறகு வெளியே வந்து எழுந்து நின்று முட்டியைத் தட்டிக்கொண்டாள்.

"டிக்கி லைட் இல்லைங்க. ஸ்பீக்கர் பெட்டி ஒயரைத் தப்பான இடத்துல சேர்த்திருக்கு. எங்க கட்டுதான். வந்து பாருங்க."

சூளைக்காரர் வந்து பார்க்கவில்லை. கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொன்று. எலும்பு உடைகிற சத்தம் அண்ணன் கத்துவதற்கு முன்பே கேட்டது. அவன் கத்தினான், வாந்தி எடுத்தான், தலை தொங்கிவிட்டது. வைஸின் அடியில் ரத்தம் மெல்லிய கோடாக இறங்கி இரும்புத் தூளில் ஊறியது.

அதன் பிறகு சூளைக்காரர் தரையில் உட்கார்ந்து, "அம்மா, அம்மா" என்று தன் தலையில் அடித்துக்கொண்டார். தம்பி கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

அண்ணி வைஸைத் திறந்தாள். துணியைச் சுற்றினாள். அந்தச் சிவப்பு முடிச்சை வெட்டி எறிந்து, ஒயரைச் சரியான இடத்தில் சேர்த்தாள். சாவியை அவளே திருப்பினாள். உடனே பிடித்தது. "ஐயா, எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க" என்றாள். சூளைக்காரரின் அம்மா செத்த அதே பின் சீட்டில் அண்ணனைப் படுக்க வைத்தோம்.

எஞ்சின் கையில் விழுந்துவிட்டது என்று அண்ணன் டாக்டரிடம் சொன்னான். சூளைக்காரரைப் பற்றிப் புகார் எதுவும் கொடுக்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று, அண்ணி வெளியே போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டான். "ஏ ஊமை. அவ பொய்தானே சொன்னா? என் கட்டா அது?"

"ஆமா, உன் கட்டுதான். நான் பார்த்தேன்" என்றேன்.

அவன் இடது கையால் தண்ணீர்க் கோப்பையை என் மேல் எறிந்தான். குறி தவறிச் சுவரில் பட்டு உடைந்தது.

மூன்று வருடமாகிறது. பட்டறையில் வேலை அண்ணியுடையது. அண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்து அவள் சொல்லும்போது சாவியைத் திருப்புகிறான். வைகிறான், ஆனால் அடிப்பதில்லை. அவனுடைய வலது கை மூடாது. சாவி திருப்ப இடது கை போதும்.