பச்சை தெரிந்துவிட்டது

எங்கள் ஊரில் கேஸ் என்றால் ஒன்றுதான்: வெடி வைத்தபின் சுரங்கத்தின் அடியில் தேங்கி நின்று ஆளைச் சாய்க்கும் கெட்ட காற்று. ஆகவே, பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கேஸ் அளக்கும் வேலை என்றதும், சுரங்கத்தில் வெடி வைத்துக்கொண்டிருந்த அண்ணன் நியாயமாகவே கேட்டார்: "எத்தினி அடி ஆழத்துலடா?"

செல்லுக்குள்ளே என்றேன். ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல், நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் துளியூண்டு விட்டு, பக்கத்துச் செல்லை 'கொஞ்சம் தளர்ந்துகொள்' என்று சொல்லும். சொன்ன கையோடு வாயு காணாமல் போய்விடும். அதைப் பிடிக்க ஒரு சாயம். வாயு பட்டால் பச்சையாக ஒளிரும். "வெடிப்புகையிலயும் அந்த கேஸ் கீதுண்ணா" என்று பெருமைக்குச் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

சுரங்கத்தை மூடினார்கள். தம்பியின் கேஸ் கம்பெனியில் தனக்கு இடம் நிச்சயம் என்று அண்ணன் எங்கள் குடியிருப்பான ஸ்கெலட்டன் முழுக்கச் சொல்லி வைத்தார். அங்கே என் இடமே ஆட்டம் கண்டிருந்தது. நம்பும்படியான அளவு வராவிட்டால் மாதக் கடைசியில் கிளம்பலாம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

கடைசிச் சோதனையன்று, இஸ்திரி போட்ட பேண்ட்டில் அண்ணனும் ரயிலேறி வந்துவிட்டார். மைக்ராஸ்கோப் அறையின் இருட்டில் என்னைவிடச் சௌகரியமாக உட்கார்ந்தார்.

"சுரங்கத்துல நம்ம லெவல் மாதிரியே கீது. ஆளை எறக்குற கேஜ்தான் இல்ல."

முதல் தட்டில் செல்கள் பச்சையாக மின்னின. அது போதாது. வாயுவை விழுங்கும் மருந்தை முன்கூட்டியே ஊற்றிய இரண்டாம் தட்டு இருண்டு கிடக்க வேண்டும். அதுவும் மின்னினால், சாயம் சும்மாவே மின்னுகிறது என்று அர்த்தம். இத்தனை நாள் நான் அளந்தது எதையோ.

இரண்டாம் தட்டை வைத்தேன். குனிந்து பார்க்கத் தைரியமில்லை.

"நீங்க பாருங்கண்ணா. இருட்டாத்தானே கீது?"

"இன்னாடா இருட்டு? பச்சைப் பசேல்னு தெரியுதுடா! முன்னதைவிட ஜாஸ்தி!"

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேராசிரியையும் வந்து பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு மேல் அறிவியலில் அப்பீல் கிடையாது.

திரும்பும் ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம், "எங்க தம்பி கேஸைக் கண்டுபுடிச்சிட்டான்" என்றார் அண்ணன். பங்காருப்பேட்டையில் வண்டி மாறும்போது என் காதருகே குனிந்தார்.

"எந்த ஷிஃப்ட்டுனாலும் பரவாயில்லன்னு சொல்லிடுடா."