சோலையப்பன் பேரில் ஒரு நாய்

சோலையப்பன் மாதிரி ஒரு வெள்ளந்தி துபாயில் ஒன்பது வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம். சிவகங்கைப் பக்கத்து ஆள். ஜெபல் அலிக்கு அந்தப்புறம் வில்லாக்கள் இருக்கிற பகுதியில் ஸ்ரீகாந்த் சார் வீட்டில் டிரைவர். சார் மயிலாப்பூர்க்காரர், சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் மேனேஜர், கடன் போட்டு வில்லா வாங்கியவர். "நம்ம கஃபீலே, விசா குடுத்த மொதலாளியே, தமிழாளு. வேற என்ன வேணும்?" என்று சோலையப்பன் பார்க்கிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வான். வில்லாவுக்குப் பின்னால் ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ஏசி. அதுதான் அவன் உலகம்.

நாய் வந்து ஐந்து வருஷம் இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. ஆசைப்பட்டது சார் மனைவி பிருந்தா மேடம், லட்டு என்று பேர் வைத்தது அவர்கள் மகள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. குளிப்பாட்டுவது, ஊசி போடக் கூட்டிப்போவது, கோடையில் தரை சுடுவதற்குள் விடியற்காலையில் நடக்கவிடுவது, எல்லாம் யார்? வேறு யார், இவன்தான். டிரைவர் வேலைக்கு வந்தவன் நாய்க்குத் தாயாகிப்போனான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் கூத்து. அவன் கார் கழுவினால் லட்டு பக்கத்தில் படுத்திருக்கும். அவன் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்க்காது, அவன் முகத்தைப் பார்க்கும்.

ஒருநாள் சார் அவனை ஹாலுக்குக் கூப்பிட்டு, "உக்காருப்பா சோலை" என்றார். எட்டு வருஷத்தில் அந்த சோஃபாவைத் தூசி தட்டியிருக்கிறானே தவிர உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தான். மேடம் கையாலேயே காபி வந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லையே!

விஷயம் இதுதான். வீட்டுக்கு எடுக்கிற இன்ஷூரன்ஸைப் புதுக் கம்பெனிக்கு மாற்றுகிறார் சார். அந்தக் கம்பெனி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, இன்ன இன்ன ஜாதி நாய் வைத்திருக்கிறவருக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்று. ஜெர்மன் ஷெப்பர்ட் அதில் மூன்றாவது பேர்.

"லட்டுவ உன் பேருக்கு மாத்திடலாம்னு பாக்கறேன். நாய்க்கு ஓனர் நீ, வீட்டுக்கு ஓனர் நான். அப்போ கம்பெனி ஒண்ணும் கேக்க முடியாது. யார் கேட்டாலும் என் நாய்னு சொல்லிடு, அவ்ளோதான்" என்றார்.

"அதுக்கென்ன சார், குடுங்க" என்று காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். அவன் பேரும் நாய் பேரும் போட்ட அட்டை ஒன்று வந்தது. அதைப் பர்ஸில் பிள்ளைகள் போட்டோவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். தலைகால் புரியவில்லை அவனுக்கு. ஊருக்குப் போன் போட்டுப் பெண்டாட்டி பஞ்சவர்ணத்திடம் சொன்னான்.

"நாயை எதுக்குங்க ஒங்க பேருக்கு எழுதுறாங்க? அம்புட்டுப் பாசமா இருந்தா வீட்டை எழுதச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"ஒனக்கு எதைச் சொன்னாலும் குத்தம்தான்" என்று போனை வைத்துவிட்டான்.

மறு வருஷம் மாடியில் ஹீட்டர் வெடித்தது. மகள் பள்ளிக்கூடத்தில், மேடம் கடையில். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டி, மரத்தரை முழுக்க ஊறிப் பிளந்துவிட்டது. இன்ஷூரன்ஸுக்கு எழுதிப்போட்டார் சார். சேதத்தைப் பார்க்கக் கம்பெனி ஹஸ்னைன் என்று ஒருவரை அனுப்பியது. பாகிஸ்தான்காரர், தன்மையான மனுஷர். மாடியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், வேப்பமரத்தடியில் லட்டுவைப் பிடித்துக்கொண்டு நின்ற சோலையப்பனைப் பார்த்தார்.

"குத்தா கிஸ்கா ஹை, பாய்?" என்று நாய் யாருடையது என இந்தியில் கேட்டார்.

"மேரா ஹை, சாப்!", என்னுடையதுதான் என்று இவன் பர்ஸை எடுத்து அட்டையை வேறு நீட்டினான். முதலாளியைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் முகத்தில். எங்கே குடியிருக்கிறாய் என்று இந்தியிலேயே கேட்டார் ஹஸ்னைன். பின்னால் இருந்த அறையைக் கை காட்டினான். அவர் போட்டோ எடுத்துக்கொண்டு, அட்டையின் நம்பரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. முதலாளியின் நாயோ வேலைக்காரன் நாயோ, அந்த விலாசத்தில் குடியிருக்கிற எவருடைய நாயாக இருந்தாலும் ஒன்றுதானாம். நாயும் நாய்க்காரனும் அந்த வீட்டைவிட்டுப் போனதாகக் காகிதம் வராமல் தரைக்கும் கிடைக்காது, அடுத்த வருஷத்துக்கும் கிடையாது.

மறுபடி சோஃபா. மறுபடி காபி. இந்தத் தடவை கூடவே முந்திரி பக்கோடாவும்.

"லட்டுவ அல் அய்ன்ல என் ஃப்ரெண்ட் தோட்டத்துக்கு அனுப்பிடறேன், நல்லா பாத்துப்பாங்க. நீயும் இங்க இல்லேன்னு காட்டணும். விசாவ கேன்சல் பண்ணிட்டு மஸ்கட்ல தெரிஞ்சவர் கடைக்கு அனுப்பறேன். எல்லாம் செட்டில் ஆனதும் கூப்பிட்டுக்கறேன். ரெண்டே மாசம்" என்றார் சார்.

"கூப்பிட்டுருவீங்கல்ல சார்?"

"என்ன சோலை, என்மேல நம்பிக்கை இல்லையா?"

அப்படிக் கேட்டுவிட்டால் பாவம் அவன் என்ன சொல்வான்? 'நானும் என் நாயும் இந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறோம்' என்று இங்கிலீஷில் அடித்திருந்த காகிதத்திலும் கையெழுத்துப் போட்டான். போகிற அன்றைக்கு வேலை போவதைப் பற்றி அவன் அழவில்லை. தோட்டத்தில் லட்டுவைக் கட்டிப்போட்டுவிடுவார்களோ என்றுதான் அழுதான்.

மஸ்கட்டில் ரூவி என்கிற இடத்தில் சதக்கத்துல்லா என்பவரின் மளிகைக் கடை. அந்த ஊர் லைசென்ஸ் இல்லாததால் வண்டி ஓட்ட முடியாது, மூட்டை இறக்கத்தான் முடியும். இடுப்பு விட்டுப்போனது. ரெண்டு மாசம் நாலு மாசமாகி, ஆறானது. சாருக்குப் போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்பார். "இன்னுமா கூப்புடல அந்த மனுசன்?" என்று சதக்கத்துல்லா கேட்கும்போதெல்லாம் இவன் சாருக்காகப் பரிந்து பேசுவான். கம்பெனிக்காரன் இழுத்தடிக்கிறான், சார் என்ன செய்வார் என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐயப்பன் வீடியோ காலில் வந்தான். ஜெபல் அலியில் பக்கத்து வில்லா தோட்டக்காரன்.

"அண்ணே, லட்டுவத் தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க? இந்தா நிக்குது பாருங்க" என்று போனைத் திருப்பினான். லட்டுதான். யாரோ ஒரு புது டிரைவர் கையில் வார். "இவரு வெளிய பெட்ஸ்பேஸ்ல, ஒத்தக் கட்டில் வாடகைக்கு எடுத்துத் தங்கிக்கிட்டு வந்து போறாருண்ணே. இது எங்கயும் போகல, ஒரு நாளும் போகல."

"லட்டு..." என்றான் சோலையப்பன். நாய் போனை மோந்து பார்த்தது. பிறகு போனுக்குப் பின்னால் போய்த் தேடியது. ஐயப்பனைச் சுற்றி வந்து மறுபடி தேடியது.

இவனுக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபம் என்று நினைக்காதீர்கள். சந்தோஷம்! கம்பெனிக்காரன் இறங்கி வந்துவிட்டான், இனி நம்மைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தான். உடனே சாருக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எடுத்தார்.

"சார், லட்டு வீட்லயே இருக்காமே! பிரச்சனையெல்லாம் தீந்துருச்சா சார்? நான் எப்ப வரட்டும்?"

போனில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"பாப்பா அழுதாப்பா, அனுப்ப மனசு வரல" என்றார் சார். "பாரு சோலை, நீ புரிஞ்சுக்கணும். கம்பெனி பேப்பர்ல நாய் உன்கூடவே போயிடுச்சு. தரைக்கும் குடுத்துட்டாங்க. இப்ப உன்னைத் திரும்ப எடுத்தா உன் நாயும் திரும்பி வந்துட்டதா ஆயிடும். நீ இங்க இல்லாத வரைக்கும்தான் லட்டு இங்க இருக்க முடியும்."

"இது மொதல்லயே தெரியுமா சார் ஒங்களுக்கு?"

"அங்க சாப்பாடெல்லாம் ஓகேதானே?" என்றார் சார்.

சோலையப்பன் வாய்விட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒன்பது வருஷமாக 'சார்' என்று பழகிய வாயில் வேறு வார்த்தை வரவில்லை. சார்தான் முதலில் போனை வைத்தார்.

அரிசி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பஞ்சவர்ணம் போன் வந்தது, ஞாயிற்றுக்கிழமை எப்போதும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள்.

"ஏங்க, சார் எப்ப வரச் சொல்றாரு?"

"நாயை அவுங்க எங்கயும் அனுப்பல பஞ்சவர்ணம்" என்றான். "என்னையத்தான் அனுப்பியிருக்காங்க."