ரெண்டு கறி

எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு சொல்லால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அந்தச் சொல் கறி.

சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. எனக்கு அப்போது பத்து வயது. சித்தியை நிச்சயம் செய்ய சிரம்பானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. சித்திக்கு முப்பத்திரண்டு. அதற்கு முன் இரண்டு இடங்கள் வந்து, பேசி முடிக்கும் நேரத்தில் கலைந்திருந்தன. இதுவும் கலைந்தால் இனி யார் முன்னாலும் புடவை கட்டிக்கொண்டு நிற்கமாட்டேன் என்று சித்தி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள் என்பதால் வீட்டில் எல்லோரும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள். அவர்கள் பேசும் தமிழ் எங்களுக்கு விளங்கும். விளங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்தே. விருந்துக்கு என்ன செய்யலாம் என்று என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, போனில் கேட்டார். கனக்க ஒன்றும் வேண்டாம், சோறும் ரெண்டு கறியும் போதும் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் தோட்டத்தில் கறி என்றால் அது ஆடு. கோழியைக்கூட நாங்கள் கறியில் சேர்ப்பதில்லை. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ரெண்டு கறி கேட்கிறார்கள் என்றால் பெரிய இடம்தான் என்று, தம்பின் டவுன் வரை போய் முழு ஆடாக வாங்கி வந்தார். ஒரு பாதி குழம்பு, ஒரு பாதி பிரட்டல் என்று ஏற்பாடு.

சமையலுக்குப் பெரியம்மா. அம்மாவின் அக்காவான அவர் தோட்டத்துப் பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தார். சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று விடிந்ததும் கொல்லையில் உட்கார்ந்து, கறியை வெட்டிக் கழுவி, மஞ்சளும் இஞ்சியும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். முதல் அண்டா கொதிக்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் சித்தியின் போனுக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார், கேக் மட்டும் முட்டையில்லாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் பரம்பரையாகச் சைவம். அவர்கள் வீட்டில் கறி என்றால் கத்திரிக்காய்தான், வாழைக்காய்தான். மாப்பிள்ளை மட்டும் வெளியே கோழி சாப்பிடுகிறவர். அதைக் கண்ணால் பார்த்திருந்த சித்தி, வீடே அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

சித்தி அழுதபடி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இப்போது என்ன செய்வது என்று மாமா ஆளுக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் வர நாலு மணி நேரம்தான் இருந்தது.

பெரியம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்து, "அழுவுறத அப்புறம் வெச்சிக்கலாம்லா. பின்னால பலா மரத்துல எத்தன பிஞ்சு இருக்குன்னு எண்ணிட்டு வா" என்றார்.

ஒன்பது இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆட்டுக்கறி அண்டாவோடு லயத்து வரிசையின் கடைசி வீட்டுக்குப் போனது. மாமா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முட்டையில்லாத கேக்குக்காக லுக்குட் டவுனுக்குப் பறந்தார். அம்மா மாரியம்மன் கோயிலிலிருந்து, கவிச்சி படாத அண்டாவும் கரண்டிகளும் வாங்கி வந்தார். பெரியம்மா எலுமிச்சையும் புளியும் போட்டு முழங்கைவரை தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அடுப்பை மூட்டினார். ஆட்டுக்காக அரைத்த மசாலா தனியாக இருந்தது பெரிய புண்ணியம். அதில் பலாப்பிஞ்சு வெந்தது. ஓடையோரத்துச் சுருள் கீரை, மலாய்க்காரர்கள் செய்கிற மாதிரியே தேங்காய்ப் பாலில், சில்லி பாடி மிளகாயும் மஞ்சளும் போட்டு, நெத்திலி மட்டும் இல்லாமல் வெந்தது. பெரியம்மா ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. ஆவியை முகர்வார், உப்பை அள்ளுவார், அவ்வளவுதான். எனக்கு அது மந்திரமாகவே தெரிந்தது.

வீட்டில் ஆட்டு வாசனை மட்டும் போக மறுத்தது. சாம்பிராணி போடும் வேலை எனக்கு. அறை அறையாகப் புகைத்ததில் எங்களுக்கே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. உள்ளே வந்த மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தரம் இருமிவிட்டு, பூசை நடந்ததா என்று அன்பாகக் கேட்டார். பெரிய பூசை என்றார் மாமா.

இலை போட்டார்கள். பெரியம்மாவே பரிமாறினார். உப்பு, ஊறுகாய், கீரை, பருப்பு, சோறு எல்லாம் வைத்தபின் கடைசியாகப் பலாப்பிஞ்சு. அதை வைக்க அவர் குனிந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பெரியம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து விரலால் பிரித்தார். அது நார் நாராகப் பிரிந்தது. கதவுக்குப் பின்னால் சித்தி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இது என்ன?"

"பலாப்பிஞ்சுங்க. நம்ம மரந்தான்" என்றார் பெரியம்மா.

மாப்பிள்ளையின் அம்மா சாப்பிட்டார். மெதுவாக, முழுவதும் சாப்பிட்டார். பிறகு, "கறி நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றார்.

சித்தியின் பிடி தளர்ந்தது. இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு அவரே நாள் குறிக்கும் பேச்சை எடுத்தார். எனக்குப் பெரியம்மாவைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அத்தனை பேரையும் இப்படி ஏமாற்ற அவர் ஒருவரால்தான் முடியும் என்று நினைத்தேன்.

புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"கை மணக்குது தங்கச்சி. பரவாயில்லை" என்றார்.

எங்கள் ஊரில் சமையலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் பாராட்டிவிட்டு எதற்குப் பரவாயில்லை என்கிறார் என்பதுதான் புரியவில்லை. வேன் கிளம்பியதும் பெரியம்மா தன் கைகளை முகர்ந்து பார்த்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய் அழுதார். இவ்வளவு புகழ் அவருக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் பள்ளி விடுமுறைக்குச் சித்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியின் மாமியார் என்னை மகள்போல் வைத்துக்கொண்டார். ஒருநாள் பின்கட்டில் குப்பைத் தொட்டி திறந்து கிடந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மணக்குது பிள்ளை. மூடி விடு."

மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பெரியம்மாவின் கையில் ஆட்டு வாடை போகவில்லை என்பது, இலையின் முன் பெரியம்மா குனிந்தபோதே இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகுதான் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லியிருக்கிறார்.