சுறாப்புட்டும் பூனைக்காலிப் பொடியும்

கை நடுங்குகிற ஒருத்தியைப் பார்த்தால் போதும், எங்கள் தெருவில் எல்லோருக்கும் வைத்தியம் தெரிந்துவிடும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவள் வல்லாரை என்பாள். மீன் ஆய்ந்துகொண்டே இன்னொருத்தி தூதுவளை ரசம் என்பாள். எதிர்வீட்டுக்காரி, தன் மாமியாருக்குப் பப்பாளி இலைச் சாற்றில் நடுக்கம் நின்றது என்றாள். அந்த மாமியாரே நின்றுபோய் வருஷமாகிறது. அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குப் பேசக் கூச்சம். காலடிப்பேட்டை மார்க்கெட் வாசலில் கருவாடு விற்ற காலத்திலும் நான் கூவி விற்றதில்லை. கூடையை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்து மட்டும் விட்டுப்போகவில்லை. பேச முடியாததை எழுதலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நல்லபடியாக எழுதுவதாக உத்தேசம் இல்லை.

நோய்க்குப் பெயர் பார்க்கின்சன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூளைக்குள் சுரக்க வேண்டிய ஏதோ ஒன்று குறைந்துபோனதாம். மாத்திரை அதை ஈடுகட்டும், நோயைத் தீர்க்காது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் விரல்கள் என் பேச்சைக் கேட்கும். ரவிக்கைக் கொக்கியை நானே மாட்டுவேன். வீட்டுக்குப் பின்னால் சந்தில் இருக்கும் கக்கூசுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நானே போய், நானே கழுவிக்கொண்டு வருவேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதுகூட வெளிச்சத்தில் புடவை மாற்றாதவள் நான். அந்தக் கக்கூசுக்குத் தனியாகப் போய்வருகிற வரைக்கும் நான் மனுஷி. அவ்வளவுதான் என் கணக்கு.

மருமகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். மகன் டிரைலர் லாரி ஓட்டுகிறவன். துறைமுக கேட்டில் லைன் நின்றுவிட்டால் ராத்திரி பகல் வண்டியிலேயே கிடப்பான். என்னைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனாரை எண்ணூரிலிருந்து கூட்டிவந்தான். என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். நேரில் அண்ணி, நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

வந்த அன்றைக்கே அடுப்படி அவள் கைக்குப் போனது. மறுநாள் காலையில் நான் மாத்திரையை வாயில் போடப் போக, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெறும் வயித்துல இங்கிலீஷ் மாத்திரையா? கொடலு வெந்து பூடும்மே. துன்னுட்டுப் போடு."

எங்கள் குப்பத்தில் எந்த வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். நோயாளி என்றால் சுறாப்புட்டு. பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், ஜுரத்தில் எழுந்தவனுக்கும் அதுதான். அவள் சுறாவை அவித்து, தோல் உரித்து, பூண்டை அள்ளிப்போட்டு உதிர்த்துத் தட்டு நிறைய வைப்பாள். தின்று முடித்த பிறகுதான் மாத்திரை. அவள் புட்டு ருசியானது என்பதை நான் மறைக்கவில்லை. அதில்தான் கெட்டேன்.

மாத்திரை வேலை செய்யாமல் போனது. வழக்கமாக விரல் இளகுகிற நேரத்துக்கு விரல் இளகவில்லை. மத்தியானம் வரைக்கும் மரக்கட்டை மாதிரி கிடந்தேன். அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்லுவேன். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, மாத்திரை எல்லாம் செத்த மாத்திரை என்றாள். பிறகு செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். தாடி வைத்த ஒருவன் பூனைக்காலி விதையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பொடி ஒன்றே போதும், கை நடுக்கத்துக்கு வேறு மருந்தே வேண்டாம் என்று பேசினான். அன்று சாயங்காலமே நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் வாங்கிவந்தாள். என் மாத்திரைகளை எங்கே கொண்டு வைத்தாள் என்று தெரியவில்லை.

"இது மண்ணுல மொளச்சது. அது கம்பெனில செஞ்சது. எது ஒடம்புக்கு ஒத்துக்கும், நீயே சொல்லு."

நான் சொன்னேன். அண்ணி, மாத்திரையைக் குடுங்க என்றுதான் சொன்னேன். இந்த நோய் வந்தால் குரலும் சுருங்கிப்போகும். எனக்கு முன்பே இருந்த குரல் ஒரு பிடிதான்.

"இன்னாமே மொணகுற? சத்தமாச் சொல்லு," என்றாள். நான் மறுபடி வாயைத் திறந்தேன். பாலில் கலந்த பொடியை வாயில் ஊற்றிவிட்டாள்.

முதல் நாள் உடம்பு கொஞ்சம் இளகியது. பொய் சொல்ல மாட்டேன். அதை அவள் தெருக்கோடி வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கடுத்த நாள் கால் பெயரவில்லை. அதற்கும் அடுத்த நாள் முதுகைத் திருப்ப முடியவில்லை. நோய் வெளியே போகும்போது அப்படித்தான் முறுக்கும் என்று பொடியைக் கூட்டிக் கொடுத்தாள். வாந்தி வந்தது. கக்கூசுக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. பாயிலேயே போய்விட்டது. அவள் புடவையைத் தூக்கித் துடைத்தாள். கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே, பாவம் என்றாள். துடைத்துக்கொண்டே நாத்தனார் சொன்னாள், "கூச்சப்படாத. கொழந்தன்னு நெனச்சுக்கறேன்."

நான் குழந்தை இல்லை. கை எழுந்திருந்தால் அன்றைக்கு அடித்திருப்பேன்.

அன்று மகன் வந்தபோது எனக்கு ஜுரம் கொதித்தது. உடம்பு பலகையாகிவிட்டது. ஆட்டோவில் உட்காரவைக்க முடியவில்லை, ஆம்புலன்ஸ் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று அவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் பூனைக்காலிப் பொடியைச் சொன்னான்.

"அந்த விதையிலயும் இதே சரக்குதான் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு ஸ்பூன்ல எவ்வளவு இருக்குன்னு உங்க அத்தைக்குத் தெரியுமா? மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உயிரே போயிடும், அது தெரியுமா?"

 பொடிக்கு முன்னாலேயே மாத்திரை கேட்காமல் போனதையும் அவன் சொன்னான். காலையில் என்ன சாப்பாடு என்று டாக்டரம்மா கேட்டாள். சுறாப்புட்டு என்றதும் ஓஹோ என்றாள். மீன், முட்டை, பால் வயிற்றில் இருந்தால் அவைதான் முதலில் ரத்தத்துக்குள் போகுமாம், மாத்திரை பின்னால் நிற்குமாம். மகனுக்கு அது சட்டென்று புரிந்தது. கேட்டில் முன்வண்டி மறித்துக்கொண்டால் பின்வண்டி பொழுதுக்கும் லைனில் நிற்கிற மாதிரி என்றான். அதேதான் என்றாள் டாக்டரம்மா. மாத்திரை முதலில், அரை மணி கழித்துச் சாப்பாடு, மீன் ராத்திரிக்கு இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

எனக்கு உடம்பு திரும்ப நாளானது. வீட்டுக்கு வந்ததும் மகன் என்னிடம் மெல்ல, அத்தை நல்லதுக்குத்தானே செஞ்சுச்சு, வுடும்மா என்றான். நல்லதுக்கு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றி எரிகிறது. நல்லதுக்கு என்று சொல்லிவிட்டால் யார் வாயிலும் எதையும் ஊற்றலாமா?

அவள் திருந்தவில்லை. மறுநாள் மகன் வேலைக்குப் போனதும் தட்டில் புட்டு, டம்ளரில் பாலும் பொடியும், ஓரத்தில் மாத்திரை, மூன்றையும் என் முன்னால் வைத்தாள். எதிர்வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்திருந்தாள். மூன்றும் சேர்ந்தால் பலம் கூடும், டாக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றாள் நாத்தனார்.

நான் மாத்திரையை மட்டும் எடுத்துத் தண்ணீரில் விழுங்கினேன். தட்டைக் காலால் தள்ளினேன். சோற்றுத் தட்டைக் காலால் தள்ளியது என் ஆயுசில் அன்றுதான்.

"என் கையால குடுத்தா வெசமா?" என்றாள்.

"ஆமா, அண்ணி."

"இது என் தம்பி வூடு. யார்கிட்ட பேசுறன்னு தெரிஞ்சு பேசு."

"வூடு ஒங்க தம்பியுதுதான். மூத்திரம் என்னுது."

சின்னக் குரல்தான். ஆனால் எதிர்வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு, என் பேச்சு வெளியே கேட்டிருக்கிறது என்று தெரிந்தது. சிரித்தவளையும் எழுந்து போகச் சொன்னேன். அவளும் போனாள். நாத்தனார் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறினாள். மகன் சாயங்காலம் வந்து என்னோடு சண்டை போட்டான். போடட்டும். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்ணைக் காலையில் வந்துபோக ஏற்பாடு செய்தான். நான் கேட்டதைக் கொடுப்பாள், கேட்காததைக் கொடுக்க மாட்டாள்.

பேரன் பிறந்து மருமகள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் வந்தாள். மருமகளுக்கென்று சுறாப்புட்டு செய்து தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தாள். பிள்ளையைக் கொஞ்சினாள், எல்லோரிடமும் பேசினாள், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கை ஆடுவதைப் பார்த்து மருமகளிடம், பொடியை விடாமல் குடித்திருந்தால் இந்நேரம் நின்றிருக்கும் என்று என் காதில் விழும்படியே சொன்னாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மருமகள் கைகொடுக்க வந்தாள், வேண்டாம் என்றேன். நாத்தனார் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டித்தான் சந்துக்குப் போக வேண்டும். அவள் காலை மடக்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன். மடக்கினாள். போய், என் வேலையை முடித்து, கை கால் கழுவிக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டாள். வாசலில் நின்று, நான் ஏதாவது சொல்லுவேன் என்று கொஞ்சம் தாமதித்தாள். அண்ணி, போய்ட்டு வாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.