ஐம்பதாவது ஸ்லைடு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. போன தை மாதம், செஞ்சிக்குப் பக்கத்தில், சிங்கவரம் தாண்டி ஒரு சிற்றூரில். ஜெயக்கொடி பொய் பேசுகிறவள் அல்ல. அன்றைக்கு ஒரே ஒரு பொய் எழுதினாள். வினையே அதுதான்.

யானைக்கால் நோய்ப் புழு லேசுப்பட்டதல்ல. பகலில் உடம்புக்குள் பதுங்கிக்கொள்ளும். இரவில்தான் ரத்தத்தில் உலாவும். அதனால் லேப் டெக்னீஷியன் ஜெயக்கொடி ராத்திரியில்தான் வீடு வீடாகப் போய், விரலைக் குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ரத்தம் எடுப்பாள். மணி 11.20. அன்றைக்கு எடுக்கவேண்டிய ஐம்பதில் நாற்பத்தொன்பது முடிந்தது. ஐம்பதாவது, கூலி வேலைக்குப் போகும் பாவாடை. கதவில் பூட்டு தொங்கியது.

"இன்னா மேடம், நாளைக்கும் வரணுமா?" என்றார் ஜீப் டிரைவர் சிவசங்கர்.

வீட்டில் அவள் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். "வண்டிய எடுத்துட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, தன் விரலையே குத்திக்கொண்டாள். ஸ்லைடில் பாவாடை என்று எழுதினாள். ஒருவருக்கு நோய் இருந்தால்தான் அந்த வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை நடக்கும். பாவாடைக்குப் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. தெரிந்தேதான் செய்தாள். மனசு உறுத்தியது.

11.32. பூட்டிய வீட்டுக்குள் இருமல் சத்தம்.

டொக்... ஜன்னல் திறந்தது. கம்பி வழியே ஒரு இடது கை வந்தது. மோதிர விரல் மட்டும் நீண்டிருந்தது.

"அது உன் ரத்தம்மா... என்னுத எடு."

ஓட நினைத்தாள். ஆனாலும் இன்னொரு ஸ்லைடை எடுத்தாள். குத்தினாள்.

ரத்தம் வரவில்லை. பிதுக்கினாள்.

விரல் ஜில்லென்று...

ஒரு சொட்டு.

11.35. ஜீப் வெளிச்சம் விழுந்தது. கை இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

மறுநாள் இரண்டு ஸ்லைடையும் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவளுடையது சுத்தம். மற்றதில் புழுக்கள். காய்ந்து, சாயம் ஏற்றிய ஸ்லைடில் புழு அசையாது. இவை நெளிந்தன.

அன்று இரவே அந்த வீட்டுக்கு ஓடினாள். வாசலில் சாவுப் பந்தல். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே பாவாடை ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். ராத்திரி முழுக்கப் பிணம் ஆஸ்பத்திரியிலேதான் கிடந்தது.

பெண்டாட்டி கமலாம்பாளுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்தாள். மூன்று பேருக்கும் நோய் இருந்தது பிறகு தெரிந்தது, மாத்திரையும் கிடைத்தது. ஆனால் ஜெயக்கொடியை இன்றுவரை தூங்கவிடாதது, விரலை நீட்டிக்கொண்டே கமலாம்பாள் கேட்டதுதான்.

"காலைல குளிப்பாட்டறப்ப அவரு மோதிர வெரல்லயும் இப்படித்தாம்மா ரத்தம் வந்துகினே இருந்துச்சு... பொணத்துக்குப் போயி யாரு குத்தினா?"